சினிமாவில் இருந்த சித்தப்பா

ஆனி மாதம் இருபதாம் தேதி, வியாழக்கிழமை, மாலை ஆறு மணி பத்து நிமிடம். மழை இல்லை. கச்சான் காற்று மட்டும் தொழிலாளர் லயங்களின் கூரைத் தகரங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது. தெமோதரை ஸ்டேஷனுக்குக் கீழே இருந்த முஸ்லிம் நானாவின் கடையில், வானொலிப் பெட்டிக்கு முன்னால் பதினொரு பேர் நின்றிருந்தோம். வருடத்தை எழுத மாட்டேன். எழுதினால் என் பேத்தி கழித்துப் பார்த்துவிட்டு, இந்த வயதில் எனக்கு எதற்கு வெல்லம் என்று கேட்பாள். அப்போது எனக்கு ஒன்பது வயது என்பது போதும். என் ஒரே சித்தப்பா அன்று காலை சென்னையில் காலமானார் என்று வானொலி சொன்னது.

சித்தப்பா சினிமாவில் இருந்தவர். பாடி நடித்தவர். அவர் பெயரை நான் எழுதாததற்குக் காரணம், எங்கள் வீட்டில் யாரும் அவரைப் பெயர் சொல்லிப் பேசியதில்லை என்பதுதான். பெரியப்பாவுக்கு அவர் தம்பி. எனக்கும் அக்காவுக்கும் சித்தப்பா. அம்மாவுக்குக் கொழுந்தனார். பதுளைத் தியேட்டரில் அவர் கதாநாயகியின் கையைப் பிடிக்கும் இடம் வந்தால் அம்மா முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிவிடுவாள். கொழுந்தனார் இன்னொருத்தியோடு கொஞ்சுவதை அண்ணி பார்க்கக் கூடாதாம்.

இந்த உறவு எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். பெரியப்பா சிறுவனாக இருந்தபோது இந்தியாவிலிருந்து ஒரு நாடகக் கம்பெனி பதுளைக்கு வந்தது. நாடகம் பார்க்கக் காசில்லாத பெரியப்பா கொட்டகைக்குப் பின்னால் நின்று கேட்டார். இடைவேளையில் சேலை கட்டி, சவுரி வைத்த ஒரு பையன் பின்பக்கமாக வெளியே வந்து, பசிக்கிறது என்றான். பெரியப்பா தன்னிடம் இருந்த ரொட்டியில் பாதியைக் கொடுத்தார். எந்த ஊர் என்று கேட்டார். முசிறிப் பக்கத்தில் ஒரு கிராமத்தின் பெயரைப் பையன் சொன்னான். எங்கள் பாட்டனார் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் கட்டி வந்தபோது விட்டுவிட்டு வந்த கிராமம் அதுதான். குலசாமியைக் கேட்டார். அதுவும் ஒன்றாக இருந்தது. "அப்ப நீங்க எனக்கு அண்ணன் முறையாகணும்ணே" என்று சொல்லிவிட்டுப் பையன் ரொட்டியைத் தின்றான்.

அவ்வளவுதான் ஆதாரம். ஆனால் எங்கள் தோட்டங்களில் அது போதும். ஒரே ஊர், ஒரே குலசாமி என்றால் பங்காளி. கடல் தாண்டி வந்தவர்கள் வேறு எதை வைத்து உறவைச் சரிபார்ப்பது?

அந்தப் பையன்தான் பிற்காலத்தில் பெரிய நடிகரானார். அவருடைய வாழ்க்கை பெரியப்பாவுக்கு மனப்பாடம். வீட்டில் ஒரு வாய் குறையட்டும் என்று கம்பெனியில் தள்ளப்பட்டவர். நான்கு வருடம் பெண் வேஷம். குரல் உடைந்ததும் முதலாளி அவரைத் திரை இழுக்கிற வேலையில் போட்டுவிட்டார். இரண்டு வருடம் திரை இழுத்தார். பிறகு ஒரு நாள் உடைந்த குரல் தானாகக் கூடிவந்தது. கூடிவந்தபோது அது வேறு குரலாக இருந்தது. அந்தக் காலத்தில் நடிக்கிறவரே பாட வேண்டும். வாத்தியக்காரர்கள் செடிகொடிக்குப் பின்னால் ஒளிந்து உட்கார்ந்து வாசிக்க, காமிராவுக்கு முன்னால் நின்று தவறில்லாமல் பாட வேண்டும். சித்தப்பா பாடினார். மொத்தம் பதினான்கு படம். ஒன்பதில் அவர்தான் கதாநாயகன். பெரியப்பா பதினான்கையும் பார்த்தவர். சிலவற்றை எட்டுத் தடவை.

பிறகு ஒருவர் பாட இன்னொருவர் வாயசைக்கும் காலம் வந்தது. அழகான முகம் உள்ளவர்களுக்கு இரவல் குரல் கிடைத்துவிட்டது. சித்தப்பாவின் குரலை யாரும் இரவல் கேட்கவில்லை. சொந்தமாக ஒரு படம் எடுத்து வீட்டை இழந்தார். அவருடைய கடைசிப் படத்துக்கு, அவர் இறப்பதற்கு முந்தின வருடம், பெரியப்பா என்னையும் பகல் காட்சிக்குக் கூட்டிக்கொண்டு போனார். சித்தப்பா கதாநாயகியின் நோயாளித் தகப்பனாக இரண்டு இடத்தில் வந்தார். மூன்றாவது இடத்தில் மாலை போட்ட படமாகச் சுவரில் தொங்கினார். விளக்குப் போட்டு, சனம் எழுந்து போய், கூட்டுகிறவன் விளக்குமாற்றோடு எங்கள் வரிசைக்கு வந்த பிறகும் பெரியப்பா அசையவில்லை.

"படம் முடிஞ்சிருச்சுங்க பெரியவரே."

"தம்பி இன்னும் பாடலையே" என்றார் பெரியப்பா.

திரும்பி வரும்போது ரயில் பாதை நெடுக அந்த டைரக்டரைத் திட்டிக்கொண்டே வந்தார். சித்தப்பாவை ஒரு சொல்கூடக் குறை சொல்லவில்லை.

எங்கள் அப்பா நான் கைக்குழந்தையாக இருந்தபோதே காய்ச்சலில் போய்விட்டார். பெரியம்மாவும் பிள்ளை இல்லாமல் போய்விட்டாள். ஆகவே பெரியப்பாதான் எங்களுக்கு எல்லாம். தேயிலைச் செடியை மட்டமாகக் கழித்துக் கவ்வாத்து வெட்டுவது அவர் வேலை. அக்காவுக்கு இருபது வயது. பூனாகலையில் லொறி ஓட்டுகிற ஒரு பையனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் தகப்பனார் லயத்தில் எங்களுக்கு இருந்த ஒற்றை அறைக் காம்பராவின் சுவரில் முருகனுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த சித்தப்பாவின் படத்தைப் பார்த்துவிட்டார்.

"இவரை எதுக்கு சாமிப் படத்தோட ஒட்டியிருக்கீங்க?"

"எந்தம்பி" என்றார் பெரியப்பா, கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

மாப்பிள்ளையின் தகப்பனார் பாயிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். அவரும் அந்தப் பாட்டுகளில் வளர்ந்தவர். அதற்குப் பிறகு நகையைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. மாப்பிள்ளைக்கு ஓர் அத்தை இருந்தாள். பசறையில் ஐந்து பவுன் போடுவதாக ஒரு பெண் வீட்டார் கேட்டு அனுப்பியிருக்கிறார்கள் என்று அவள்தான் இரண்டு தடவை நினைவுபடுத்தினாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கல்யாணம் ஆனி இருபத்தேழு, வியாழக்கிழமை என்று குறித்தார்கள்.

அதற்குச் சரியாக ஒரு வாரம் முன்னால்தான் வானொலி அந்தச் செய்தியைச் சொன்னது.

நானா உடனே பெட்டியை நிறுத்தினார். "பெரியவரே, ஒங்கட தம்பி மவுத்தாகிட்டாராமே" என்று அவர் சொன்ன பிறகுதான் பெரியப்பா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கடை வாசலிலேயே உட்கார்ந்தார். அன்று மாலையே தப்பு அடித்தார்கள். தோட்டத்தில் சாவு விழுந்தால் அடிக்கிற அதே அடி. யார், யார் என்று மேல் லயத்திலிருந்தும் கீழ் லயத்திலிருந்தும் ஆட்கள் ஓடிவந்தார்கள். பெரியப்பாவின் தம்பி என்று தெரிந்ததும் ஒவ்வொருவராக வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அவரும் அழுதார். பொய்யழுகை இல்லை. ஆனாலும் வெள்ளிக்கிழமை முழுவதும் வாசலில் பாய் போட்டு, துக்கம் கேட்க வந்தவர்களுக்கெல்லாம் சித்தப்பாவின் கதையை முதலிலிருந்து சொன்னபோது, அவருக்குள் ஒரு திருப்தியும் இருந்தது என்று இப்போது நினைக்கிறேன். தோட்டத்துச் சனம் அவ்வளவு பேர் அதுவரை அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்ததில்லை. நானும் அன்று பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. செத்தவரின் அண்ணன் மகன் என்று எனக்கும் மரியாதை இருந்தது.

சனிக்கிழமை காலையில் அம்மா தேங்காய் துருவிக்கொண்டே என்னைக் கூப்பிட்டாள். புருஷனின் அண்ணனோடு நேரே பேசுவது வழக்கமில்லை. அவர் மூன்றடி தள்ளி உட்கார்ந்திருந்தாலும் என் வழியாகத்தான் பேசுவாள்.

"தம்பி, பெரியப்பாகிட்டக் கேளு. பங்காளி செத்தா எத்தனை நாள் தீட்டுன்னு கேளு."

"பதினாறுன்னு சொல்லு" என்றார் பெரியப்பா என்னிடம்.

"கல்யாணத்துக்கு எத்தனை நாள் கிடக்குன்னு கேளு."

பெரியப்பா விரலை மடக்கத் தொடங்கினார். மூன்றாவது விரலில் நிறுத்திவிட்டார்.

தீட்டு வீட்டில் தாலி கட்ட முடியாது. பதினாறு முடிவதற்குள் ஆடி பிறந்துவிடும். ஆடியில் கல்யாணம் இல்லை. ஆவணி வரைக்கும் தள்ளினால், பசறைக்காரர்களின் ஐந்து பவுன் சும்மா இருக்குமா? காம்பராவுக்குள் சுவரோடு சாய்ந்து நின்றிருந்த அக்கா மெதுவாகச் சொன்னாள்:

"பெரியப்பா, உங்க தம்பி இன்னும் ஒரு வாரம் பொறுத்திருக்கக் கூடாதா?"

பூனாகலைக்குச் சேதி போயிருக்காது என்று பெரியப்பா ஒரு தடவை சொன்னார். பூனாகலையிலும் வானொலிப் பெட்டி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்கு அவர்கள் வந்தார்கள். ஒரு மூட்டை அரிசி, மூன்று முட்டைக்கோவா, ஒரு வெள்ளைத் துண்டு. மாப்பிள்ளையின் தகப்பனார் லயத்துப் படியிலேயே "ஐயோ சம்பந்தி, போயிட்டாரே!" என்று கதறிக்கொண்டு ஏறிவந்து பெரியப்பாவைக் கட்டிக்கொண்டார். அத்தை மூக்கை மட்டும் சிந்தினாள். வாசலில் ஏற்கெனவே இருபது பேருக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா தட்டில் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். அவர்கள் தொடவில்லை. சாவு வீட்டில் யாரும் வாய் நனைப்பதில்லை.

"எப்பேர்ப்பட்ட மனுசன்" என்றார் மாப்பிள்ளையின் தகப்பனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அவரு வீட்டுத் தீட்டுக்குள்ள நம்ம தாலி கட்டலாமா? மனசு கேக்குமா? ஆவணியில ஆற அமரப் பாத்துக்கலாம் சம்பந்தி."

அவர் சூது இல்லாமல்தான் சொன்னார். சூது இருந்தது அத்தையிடம். "ஆவணிக்குள்ள யார் யாருக்கு என்ன எழுதியிருக்கோ" என்று கோவாவைப் பார்த்துச் சொன்னாள்.

அம்மா உள்ளேயிருந்து என்னைப் பார்த்தாள். என்னிடம் சொல்ல அவளுக்கு ஒன்றும் இல்லை. என்னைத் தாண்டிப் பெரியப்பாவைப் பார்த்தாள்.

பெரியப்பா தலையிலிருந்த துண்டை எடுத்து மடித்துத் தோளில் போட்டார்.

"சம்பந்தி, கல்யாணத்தைத் தள்ள வேண்டாம். தீட்டு இல்ல."

"இல்லையா?"

"அவரு எனக்குப் பங்காளி இல்ல. ஒருத்தரும் இல்ல. ஏதோ பேச்சுக்குச் சொன்னது."

வாசலில் ஒருவர் இருமினார். மாப்பிள்ளையின் தகப்பனார் சுவரிலிருந்த படத்தையும் பெரியப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். "பூனாகலை முழுக்கச் சொல்லிட்டேனே" என்றார், சின்னப் பிள்ளை மாதிரி.

அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அன்னைக்குப் பொண்ணு பாக்க வந்தப்ப வாய் நிறைய எந்தம்பின்னீங்க. இன்னைக்கு இல்லைங்கிறீங்க. எது பொய்?"

"அன்னைக்குச் சொன்னது."

"கற்பூரத்தை அடிச்சுச் சொல்லுவீங்களா?"

கற்பூரம் அடித்துச் சொன்ன பிறகு எங்கள் தோட்டத்தில் அப்பீல் கிடையாது. எரிகிற கற்பூரத்தை வெறுங்கையால் அடித்து அணைத்துக்கொண்டு, குலசாமியைச் சாட்சி வைத்துச் சொல்ல வேண்டும். அதில் பொய் சொன்னவனின் குடும்பம் என்னவாகும் என்று எங்களுக்குக் கதை கதையாகச் சொல்லியிருக்கிறார்கள், சொன்னவரும் பெரியப்பாதான். நான் பயத்தில் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டேன். அம்மா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

சாமி மாடத்திலிருந்து கட்டி எடுத்து வாசற்படிக் கல்லில் ஏற்றினார். காற்றில் இரண்டு தடவை அணைந்தது. மூன்றாவது தடவை மாப்பிள்ளையின் தகப்பனாரே கை வைத்து மறைத்துக்கொண்டார். பெரியப்பா ஊர்ப் பெயரைச் சொன்னார், குலசாமியின் பெயரைச் சொன்னார், "அவரு எனக்குப் பங்காளி இல்ல" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு ஓங்கி அடித்தார். ஒரே அடி. கையை உடனே எடுக்கவில்லை.

அத்தை, "பொய் சொல்ற வீட்டுல பொண்ணு எடுக்கணுமா தம்பி?" என்றாள்.

"பொண்ணு பொய் சொல்லலையே அக்கா" என்றார் மாப்பிள்ளையின் தகப்பனார். குனிந்து, தட்டிலிருந்த தேத்தண்ணியை எடுத்து, ஆறிப்போயிருந்ததை அப்படியே ஒரே மூச்சில் குடித்தார். அம்மா உள்ளே உட்கார்ந்துவிட்டாள். அவர் தேத்தண்ணி குடித்ததற்கு, தீட்டு இல்லாத வீடு என்று அர்த்தம். கல்யாணம் நிற்காது என்றும் அர்த்தம்.

எனக்கோ, உலகத்திலேயே பெரிய பொய்யர் என் பெரியப்பா என்று ஆகிவிட்டது. கற்பூரம் பொய் சொல்லாது. ஆகவே அதுவரை அவர் சொன்ன ரொட்டி, சவுரி, திரை இழுத்தது எல்லாம் பொய். ஒரே சித்தப்பாவும் போய்விட்டார்; செத்ததால் போனதைவிட இது மோசமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் என் மரியாதை ஒரே நாளில் இறங்கியது. காலையில் பெரட்டுக்களத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்தில் பெரியப்பாவின் மரியாதையும் இறங்கியது. "என்னண்ணே, தொரையம்மா உங்களுக்குச் சின்னம்மா முறையா, அத்தை முறையா?" என்று கேட்டார்கள். அவர் கத்தியைத் தீட்டிக்கொண்டே, "ரெண்டும் இல்லடா, உங்கம்மாவுக்கு நாத்தனா" என்று சொல்லிவிட்டு மலைக்குப் போனார். முன்பெல்லாம் கவ்வாத்து மலையிலிருந்து சித்தப்பாவின் பாட்டு அடுத்த மலைக்குக் கேட்கும். அந்த வாரம் கத்திச் சத்தம் மட்டும் கேட்டது.

இருபத்தேழாம் தேதி கல்யாணம் நன்றாகவே நடந்தது. அக்கா கனகாம்பரம் வைத்துக்கொண்டு, சிரிப்பை அடக்கத் தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். ஆனால் பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டிய பெரியப்பா மணவறைப் பக்கமே வரவில்லை. "கை சுட்டுப்போயிருக்கு, தண்ணி படக் கூடாது" என்று சொல்லி, பக்கத்துக் காம்பராக்காரரை உட்கார வைத்துவிட்டார். தாலியைத் தட்டில் வைத்து எல்லாரும் தொட்டுக் கும்பிட்டபோது, பந்தலுக்கு வெளியே அண்டாவுக்குத் தீ மூட்டுகிறவர்களோடு நின்றார். பந்தியிலும் உட்காரவில்லை, வாய்க்கு ருசிக்கவில்லை என்றார். அட்சதைகூடப் போடவில்லை. பாட்டுப் பெட்டிக்காரன் மாப்பிள்ளை வீட்டாரைச் சந்தோஷப்படுத்தச் சித்தப்பாவின் இசைத்தட்டு ஒன்றைப் போட்டதும், தண்ணீர் எடுக்கப் பீலிக்குப் போய்விட்டார். குடம் இரண்டும் நிறைந்தே இருந்தன. அவருடைய கை சுட்டதை நானே பார்த்திருந்ததால் இதில் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. அம்மா மட்டும் வாழை இலை நறுக்கிக்கொண்டே அவர் நின்ற பக்கம் அடிக்கடி பார்த்தாள். என் வழியாக ஒன்றும் கேட்கவில்லை.

ஆடி மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமை. பெரியப்பா வேலைக்குப் போகாமல், பதுளைக்கு வருகிறாயா என்று கேட்டார். பள்ளிக்கூடம் போக வேண்டியதில்லை என்றால் நான் எந்தப் பொய்யரோடும் போகத் தயார். பஸ்ஸில் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

பஜாரில் ஒரு சலூனில் போய் உட்கார்ந்து, "மொட்டை. மீசையையும் எடுத்துருங்க" என்றார்.

சவரக்காரர் கத்தியைத் தோலில் இழுத்துக்கொண்டே குரலைத் தாழ்த்தி, "யாருங்க பெரியவரே?" என்றார்.

"யாரும் இல்ல. தலையில பேன்."

சவரக்காரர் முடியை விலக்கிப் பார்த்தார். "ஒன்னும் காணலையே."

"சின்னப் பேன். கண்ணுக்குத் தெரியாது."

"மீசையிலயுமா பெரியப்பா?" என்று கேட்டேன். பேச வேண்டாம் என்று வைத்திருந்தவன், தாங்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"ஆமா. அங்கதான் ஜாஸ்தி."

பிறகு ஒரு கடையில் கொஞ்சம் பச்சரிசியும் எள்ளும் வாழை இலையும் வாங்கினார். ஆற்றங்கரையில் தன் சட்டையையும் செருப்பையும் என்னிடம் கொடுத்து, மேட்டில் உட்காரச் சொன்னார். அவர் வாங்கித் தந்த பன்னைத் தின்றுகொண்டு நான் சட்டையில் ஏதாவது ஊர்கிறதா என்று மடிப்பு மடிப்பாகப் பார்த்தேன். அவர் மூன்று முறை முழுகி எழுந்தார். ஈர வேட்டியோடு கரையில் குந்தி, தெற்குப் பக்கமாகத் திரும்பி, இலையில் எதையோ உருட்டி வைத்தார். எள்ளைத் தண்ணீரோடு சேர்த்து விரல் வழியாக விட்டார். வாய் அசைந்தது. மந்திரமா பாட்டா என்று ஆற்றுச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. ரொம்ப நேரம் அசைந்தது. பேனுக்கு எள்ளுத் தண்ணீர் நல்ல மருந்து போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரமாக எனக்கு இடம் பிடித்து வைத்து, இருக்கையைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டார். பேன் தொற்றிக்கொள்ளும் என்று நான் போகவில்லை. தெமோதரை வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தேன். அவரும் அந்த இடத்தை வேறு யாருக்கும் கொடுக்காமல் கையை வைத்துக்கொண்டே வந்தார்.

என்ன நடந்தது என்று அன்று எனக்குத் தெரியவில்லை. கணக்கு மட்டும் தெரிந்தது. கண்ணுக்கே தெரியாத பேனுக்கு இவ்வளவு செலவா என்று வழியெல்லாம் கூட்டிப் பார்த்தேன். மொட்டைக்கும் மீசைக்கும் எழுபத்தைந்து சதம். அரிசி, எள், இலை முப்பது. எனக்குப் பன்னும் பிளேன்டீயும் இருபத்தைந்து. இரண்டு பேருக்கும் போக வர பஸ் ஒரு ரூபாய் இருபது. எல்லாம் சேர்த்து, இரண்டு ரூபாய் ஐம்பது சதம்.